உண்ணி விலக்குத் தைலம்: மனிதருக்கு ஏற்றது எது?

மாட்டின்மேல் உண்ணி கண்டால் நம் குடியானவர் சும்மா இரார். காதின் உட்புறம், கழுத்துத் தொங்கல், மடி, வாலின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பார். கால்நடை டாக்டரிடம் சென்று மருந்து வாங்கி வருவார். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அதே இனத்துப் பூச்சி தம் உடம்பிலோ, தம் வயலில் வேலை செய்யும் ஆட்களின் உடம்பிலோ ஏறிவிட்டால் மட்டும், நகத்தால் பறித்தெறிந்துவிட்டு மேல்வேலையைக் கவனிப்பார். இந்த அலட்சியத்தைப் பற்றியும், அலட்சியம் நீங்கியவர்களிற் சிலர் செய்யும் ஒரு பெருந்தவற்றைப் பற்றியும் எழுதவேண்டுமென்று சில மாதங்களாக எண்ணியிருந்தேன்.

தவறு யாதெனில், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை மனிதர்மேல் பூசுவது. மீஞ்சூரைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், சம்பா அறுவடைக்கு முன் வரப்புப் புல்லை அறுக்க ஆட்களை அனுப்பிய ஒரு நிலச்சுவான்தார், நல்ல எண்ணத்துடனேயே, கொட்டகையிலிருந்த மருந்தை வாளித் தண்ணீரில் கலந்து, கை கால்களில் தடவிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஸ்திரீகள் முகத்தில் எரிச்சல் தாங்காமல் பம்பு செட்டுத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். வியர்வையைத் துடைத்த கை முகத்தில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இது கூடாது என்று நான் கண்டித்தபோது, அவர்களுள் மூத்தவரான ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "மாட்டுக்கு ஆவறது மனுஷனுக்கு ஆவாதா ஐயா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குச் சரியான விடை சொல்லவேண்டியது எங்கள் போன்றவர்களின் கடமையாகும்.

டெல்டாமெத்ரின், ஸைபர்மெத்ரின், அமிட்ராஸ் என்று புட்டிகளில் எழுதியிருக்கும் சரக்குகள் தோல் தடித்த பிராணிகளுக்காகச் செய்யப்பட்டவை. முன்னிரண்டும் மனிதனுடைய மெல்லிய தோலில், முக்கியமாய் முகத்திலும் கண் ஓரத்திலும், எரிச்சலையும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியையும் உண்டாக்கும். அமிட்ராஸ் அதிகமாக உடலுள் சென்றால் மயக்கமும் நாடித் தளர்ச்சியும் காணும்; பிழைப்பதே சந்தேகமான நிலைக்கு வந்தவர்களும் உண்டு. மேலும், இவை உண்ணியைக் கொல்லும் மருந்துகள். மாட்டின் மேல் முன்னமே ஒட்டிக்கொண்டிருப்பவற்றைக் கொன்று விழச் செய்வதே இவற்றின் வேலை. மனிதனுக்கு வேண்டியதோ, பூச்சி தன்மேல் ஏறாதபடி முன்கூட்டியே தடுக்கும் சரக்கு. கொல்லுதல் வேறு, விலக்குதல் வேறு. பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள வர்ண முக்கோணத்தைப் பார்த்து அதன் விஷத்தன்மையை அறியக் கற்றுக்கொண்ட நம் விவசாயிகள், இந்த வேறுபாட்டையும் அறிந்துகொள்வது கடினமன்று.

எதை விலக்க வேண்டும் என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வோம். நம் பத்திரிகைகளிலும் ஜனங்களின் பேச்சிலும் "உண்ணிக் காய்ச்சல்" என்று வழங்குவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் ஜுரமேயாம். உண்மையில் அதனைப் பரப்புவது மாட்டு உண்ணியுமன்று, நாய் உண்ணியுமன்று. முதல் மழைக்குப் பின் மணலில் பட்டுப்போல் ஊர்ந்து செல்லும் செக்கச்சிவந்த தம்பலப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது ஒருவரையும் கடிப்பதில்லை. அதற்குத் தூர உறவான ஒரு சிறு பூச்சியின் குஞ்சுதான் இந்த ஜுரத்தைக் கொண்டுவருகிறது. அக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு அளவே உள்ளது, கண்ணுக்குப் புலப்படாது. எலிகளை அண்டி, புல்லிலும் புதரிலும் குடியிருந்து, அவ்வழியே செல்லும் மனிதன்மேல் ஏறி, இடுப்புக் கயிறு, அக்குள், தொடைச் சந்து போன்ற மறைவிடங்களில் கடிக்கும். வளர்ந்த பூச்சி மண்ணிலேயே வாழ்ந்து மடிகிறது, மனிதனை நாடுவதில்லை.

மெய்யான உண்ணியும் தீங்கற்றதன்று. நாயுண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சல் நம் தேசத்தில் உண்டு. 1957ஆம் வருஷத்தில் மைசூர்ப் பிரதேசத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழ, அதைத் தொடர்ந்து கிராமத்தாருக்கும் ஜுரம் கண்டது காட்டுண்ணியாலேயே. 2011ஆம் வருஷம் ஜனவரியில் குஜராத்தில் காணப்பட்ட ரத்தப்போக்கு ஜுரத்துக்கும் மாட்டைப் பற்றும் ஒருவகை உண்ணி காரணம். ஆனால் நம் திருவள்ளூர் ஜில்லாவைப் பொறுத்தவரையில் பெரிய பயம் அந்தக் கண்காணாக் குஞ்சுதான். 2025ஆம் வருஷம் ஜனவரியில் பொதுச் சுகாதார இலாகா விடுத்த எச்சரிக்கையில், ஸ்க்ரப் டைபஸ் அதிகரித்துள்ள ஜில்லாக்களில் சென்னை, காஞ்சீபுரம், செங்கல்பட்டு, வேலூர் முதலியவற்றோடு திருவள்ளூரும் சேர்க்கப்பட்டிருந்தது. அதிருஷ்டவசமாக, மனிதருக்கான விலக்குத் தைலங்களில் நல்லவை உண்ணி, குஞ்சு ஆகிய இரண்டையும் தடுக்கின்றன. ஆகையால் இரண்டுக்கும் தனித்தனியே பணம் செலவிட வேண்டியதில்லை.

இந்த ஜுரத்தின் காலமும் நம் வேலையின் காலமும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் புல் தழைக்கிறது, எலி பெருகுகிறது, பூச்சியும் பெருகுகிறது. சம்பா அறுவடையும் நவரை நாற்றங்காலும் வரப்புச் செதுக்குதலும் அதே மாதங்களில் வருகின்றன. மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டூர்ப் பக்கங்களில் வேறொரு சங்கதியும் உண்டு. மனைக்கென்றும் கிடங்குக்கென்றும் விற்கப்பட்டு, ஒன்றும் கட்டப்படாமல் வருஷக்கணக்கில் தரிசாய்க் கிடக்கும் நிலங்கள், விளையும் வயலை ஒட்டியே சீமைக்கருவேலங்காடாய் நிற்கின்றன. எலிக்கு அதைவிட வசதியான மாளிகை வேறில்லை. இரவில் வயலில் மேய்ந்து பகலில் அங்கே தங்குகிறது. பூச்சியையும் கூடவே சுமந்து வருகிறது.

இனித் தைலத்துக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தத்தில், பர்மாவிலும் நியூகினியிலும் காட்டுப் புல்லில் படுத்துக்கிடந்த சிப்பாய்களை இந்த ஸ்க்ரப் டைபஸ் வாட்டியெடுத்தது. அதற்கு மருந்தே இல்லாத காலம் அது. டைபியூட்டைல் தாலேட் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தை உடுப்பில் தேய்த்துக்கொண்ட படைகளில் நோய் வெகுவாய்க் குறைந்தது. உடுப்பின் வழியாகவே பூச்சி ஏறுகிறது, ஆகவே காவலும் உடுப்பிலேயே இருக்கவேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. 1944ஆம் வருஷத்தில் அமெரிக்க விவசாய இலாகாவார் தங்கள் படைகளுக்காக டை-எதில் டோலுவமைட் என்ற சரக்கைக் கண்டுபிடித்தார்கள். அதையே இப்போது சுருக்கமாக "டீட்" என்று சொல்லுகிறார்கள். 1957 முதல் பொது ஜனங்களுக்கும் அது கிடைத்து வருகிறது. பூச்சி விலக்கிகளில் மிக நீண்டகாலம் சோதிக்கப்பட்டது இதுவே. விவசாய இலாகா ஒன்று கண்டுபிடித்தது என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு, வாசகர்கள் மன்னிக்க.

டீட் வாங்குவோர் புட்டியில் எழுதியுள்ள சதவிகிதத்தைப் பார்க்கவேண்டும். அது காவல் நீடிக்கும் நேரத்தின் அளவேயன்றிக் காவலின் பலத்தின் அளவன்று. கொசுவைப் பொறுத்தவரை நூற்றுக்கு 10 பங்கு உள்ளது சுமார் 2 மணி நேரமும், 24 பங்கு உள்ளது சுமார் 5 மணி நேரமும் தாங்கும். உண்ணி கொசுவைவிடப் பிடிவாதமுள்ளது. வயல்வேலையோ காலைமுதல் நடுப்பகல் வரை செல்வது. ஆகையால் 20 முதல் 30 பங்கு வரை உள்ளதையே வாங்குதல் உத்தமம். 50 பங்குக்கு மேற்பட்டதனால் அதிகப் பயனில்லை, பணம்தான் நஷ்டம். பருத்தி வேஷ்டியையும் கம்பளியையும் டீட் கெடுக்காது. மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சட்டம், கைக்கடிகாரம், ரேயான் துணி, வார்னிஷ் பூசிய மரம் ஆகியவற்றைக் கெடுத்துவிடும். இதை அறியாமல் புது வாட்சைப் பாழாக்கிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு அதைப் பூசலாகாது.

பிகாரிடின் என்பது மற்றொன்று. ஜெர்மனியில் 1980ஆம் வருஷங்களில் செய்யப்பட்ட இது, நம் மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளின் அமைப்பை ஒத்தது. வாசனையில்லை, பிசுபிசுப்பில்லை, பிளாஸ்டிக்கைக் கெடுப்பதுமில்லை. 20 பங்கு உள்ளது உண்ணிக்கு நன்றாய் வேலை செய்கிறது. கிடைக்குமிடத்தில் நான் இதையே முதலில் வாங்கச் சொல்வேன். ஏனெனில் வாடை பிடிக்கவில்லை என்ற காரணத்தால் பூசாமல் விடப்பட்ட மருந்து எவ்வளவு சிறந்ததாயினும் வீண். மூன்றாவதாக, குவாலியரிலுள்ள நம் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தார் செய்த டை-எதில் பினைல் அஸிடமைட், அதாவது "டேபா" என்பது. கர்நாடக ராஜ்யத்தில் கியாசனூர் ஜுரம் காணும் மலைநாட்டுக் கிராமங்களில், காட்டுக்குள் செல்வோருக்குச் சுகாதார இலாகாவார் இந்தத் தைலத்தை வினியோகித்து வருகிறார்கள். அந்த ஜுரத்துக்கு முன்பு போட்டுவந்த தடுப்பூசி பயன் தரவில்லையென்று 2022ஆம் வருஷத்தில் நிறுத்தப்பட்டதால், அங்கே தைலத்தின் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கிறது.

நம் ஊர் மளிகைக் கடையில் சாதாரணமாய்க் கிடைக்கும் கொசுக் களிம்பு எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் டை-எதில் பென்ஸமைட் என்ற சரக்கு நூற்றுக்கு 12 பங்கு இருக்கும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கொசுவினின்று காக்க அது போதும். புதர் வெட்டப் போகிறவருக்கு அதையே முழுக் காவலாக எண்ணுதல் சரியன்று. வேறு ஒன்றும் கிடைக்காத நாளில் ஒன்றுமில்லாமல் போவதைவிட அதைப் பூசிப்போவது மேல்; ஆனால் இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூசவேண்டும். சுருளும் மின்சாரக் கொசுவிரட்டியும் இவ்விஷயத்தில் அடியோடு பயனற்றவை. உண்ணி பறப்பதில்லை, குதிப்பதுமில்லை. புல் நுனியில் கால் நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்லும் துணியைப் பற்றி மேலே ஏறுகிறது. அதற்குப் புகையால் என்ன?

வேப்பெண்ணெயைப் பற்றிச் சொன்னால் சிலர் என்மேல் வருத்தப்படக்கூடும். பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி ஊரூராய்ப் பிரசாரம் செய்கிறவன் நான். அதன் பெருமையைக் குறைக்கும் எண்ணமில்லை. ஆயினும் மனிதன்மேல் உண்ணி ஏறாதிருக்க அதனை நம்பி ஆளை அனுப்ப என் மனம் துணியாது. அதன் காவல் சொற்பநேரம். சரக்குக்குச் சரக்கு அதன் வீரியமும் மாறுகிறது. நீலகிரித் தைலத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. யூகலிப்டஸிலிருந்து நல்ல உண்ணி விலக்கி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊட்டித் தைலத்தை உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளுகிறார்கள். அந்த விலக்கி எலுமிச்சை வாசனையுள்ள வேறொரு யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயைச் சுத்திசெய்து எடுக்கப்படுவது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாதது. நம் கடைகளில் விற்கும் நீலகிரித் தைலம் சளிக்கு ஆவி பிடிக்க நல்லது, இதற்கு உதவாது.

பெர்மெத்ரின் தோய்த்த துணியைப் பற்றியும் சொல்லவேண்டும். அரைச் சதவிகிதப் பெர்மெத்ரின் திரவத்தை உடுப்பில் தெளித்து நன்றாய் உலர்த்தி அணிந்தால், பல சலவை வரையில் அது தாங்கி, ஏறும் உண்ணியையும் குஞ்சையும் செயலிழக்கச் செய்கிறது. உடுப்பிலேயே காவல் வேண்டும் என்று பர்மா யுத்தத்தில் கற்ற பாடத்தின் தற்கால உருவம் இதுவே. ஆனால் இது துணிக்கு மட்டுமே, உடம்பில் தெளிக்கலாகாது. மீனுக்கும் தேனீக்கும் விஷமானதால் அந்தத் திரவத்தின் மிச்சத்தை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது. துணிக்கென்று செய்யப்பட்ட சரக்கு நம் சில்லறைக் கடைகளில் காண்பது அரிது. அது இல்லையே என்று பருத்திக்கு அடிக்கும் ஸைபர்மெத்ரினை வேஷ்டியில் தெளித்துக்கொள்ளும் யோசனை யாருக்கேனும் தோன்றினால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் கலந்துள்ள எண்ணெய்களும் அதன் கடுமையும் உடுப்புக்கு ஏற்றவையல்ல.

பூசும் முறையில் நம் நஞ்சை வேலைக்குத் தக்கபடி சில மாறுதல்கள் தேவை. சேற்றில் இறங்கி நடவு செய்பவருக்கு முழங்காலுக்குக் கீழ்ப் பூசுவது வீண், தண்ணீர் கழுவிவிடும். அன்றியும் அப்பூச்சி நீரில் இருப்பதில்லை. அபாயம் வரப்பில்தான்; சாப்பாட்டு வேளையில் புல்லின்மேல் உட்காரும் இடத்திலும், வைக்கோற்போரின் அடியிலும், இடுப்புத் துணியைக் கழற்றிப் புதர்மேல் போட்டுவைக்கும் வழக்கத்திலுந்தான். ஆகையால் நடவாட்கள் கரையேறியதும் கால் துடைத்துப் பூசட்டும். புல் அறுப்பவர்களும் புதர் வெட்டுபவர்களும் புறப்படும்போதே கணுக்கால், முழங்கால், இடுப்பு மடிப்பு, கைமுட்டி ஆகிய இடங்களிலும், துணியின் ஓரங்களிலும் பூசட்டும். வியர்வை மிகுந்த நாளில் புட்டியில் எழுதியுள்ள மணிக்கணக்கை அப்படியே நம்பவேண்டாம். முகத்தில் நேராகப் பூசாமல் உள்ளங்கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் விலக்கிப் பூசவேண்டும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை அன்றே துவைத்துக் கொடியில் வெயிலில் உலர்த்த வேண்டும். புல்தரையில் விரித்தால் துவைத்த பலன் போயிற்று.

இவ்வளவுக்கும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியே முக்கியமானது. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன்: நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் கொடுக்கவேண்டும். அரிவாளும் மண்வெட்டியும் ஆள் கொண்டுவருகிறான். பூச்சிமருந்து அடிக்கும்போது கையுறையும் முகத்துணியும் நாம் கொடுக்கவேண்டுமென்று இப்போது ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டோம். அதைப்போலவே இதுவும். ஒரு புட்டித் தைலம் வாங்க ஒரு ஆளின் ஒருநாட் கூலிக்கு மேற்படாது. நாலைந்து பேர் சில நாட்களுக்குப் பூசலாம். ஜுரத்தில் விழுந்தவர் அறுவடைக் காலத்தில் பத்து நாள் படுத்தால் நஷ்டம் எவருக்கு என்று கணக்குப் பார்க்கத் தெரியாத மிராசுதார் நம் தாலூகாவில் இல்லை. "வாங்கிக் கொடுத்தாலும் பூசமாட்டார்கள்" என்று ஒருவர் என்னிடம் வாதித்தார். அவர் கொடுத்துப் பார்த்ததில்லை. முன்சொன்ன கிராமத்தில் மாட்டு மருந்துக்குப் பதிலாக நல்ல தைலம் வந்தபின், முதல் நாள் நாலு பேர் பூசினார்கள். மூன்றாம் நாள் கேட்டு வாங்கிப் பூசாதவர் ஒருவருமில்லை.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏரிக்கரை, வாய்க்கால்கரைப் புதர்களை வெட்டும் ஊராட்சி வேலைகளுக்கு ஆட்களை அனுப்பும்போது, குடிதண்ணீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு செய்வதுபோல் தைலத்துக்கும் செய்யவேண்டும். உரியவர் வெளியூரில் இருக்க, இங்கே புதர் மண்டிக்கிடக்கும் தரிசுகளின் விஷயத்தில், அவர்களுக்கு எழுதிச் சுத்தம் செய்விப்பதற்கான முதல் கடிதத்தையாவது தாங்கள் போடலாம். அது எளிதான காரியம் என்று நான் சொல்லவில்லை.

தைலம் பூசியும் கடி நேரிடலாம். ஒட்டிக்கொண்ட உண்ணியை மெல்லிய சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்கவேண்டும். தீக்குச்சி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு வைக்கோற்போரில் என் இடுப்பில் ஏறிய உண்ணிக்கு நானே மண்ணெண்ணெய் வைத்தேன். தோல் வெந்து கொப்புளித்தது. உண்ணியின் வாய் உள்ளேயே தங்கிவிட்டது. டிப்ளமா படித்தவன் செய்த வேலை அது. கண்காணாக் குஞ்சு கடித்தாலோ வலி தெரியாது. 6 முதல் 21 நாட்களுக்குள் ஜுரமும் தலைவலியும் வரும். கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். அது மறைவிடத்தில் இருப்பதாலும் வலிக்காததாலும் நோயாளிக்கே தெரிவதில்லை. எல்லோருக்கும் அது உண்டாவதுமில்லை.

அந்த அம்மாளின் மருமகளுக்கு அதே பருவத்தில் எட்டு நாள் ஜுரம். தனியார் வைத்தியசாலை ஒன்றில் இரண்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உடம்பைப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஒன்பதாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாள் இடுப்புத் துணியைத் தளர்த்திப் பார்த்துப் பொருக்கைக் கண்டார். டாக்ஸிஸைக்ளின் மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. மருந்து மலிவானது, நாட்கள் கடந்து நுரையீரலும் மூத்திரக்காயும் தாக்கப்பட்டால்தான் காரியம் கெட்டுப்போகிறது. அந்நிலையில் டாக்ஸிஸைக்ளினும் அஸித்ரோமைஸினும் சேர்த்து ரத்தத்தில் ஏற்றுவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலென்று, வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியாரும் மற்றவர்களும் பல ஆஸ்பத்திரிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2023ஆம் வருஷம் வெளியாயிற்று. ஜுரத்துடன் டாக்டரிடம் செல்லும் எந்த வயல் ஆளும், "புல் அறுத்தேன், புதர் வெட்டினேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். சொல்லத் தயங்குவோருக்காகச் சொந்தக்காரரே கூடச் சென்று சொல்லட்டும்.

நவரை நடவுக்கு விதை வாங்கவரும் மிராசுதார்கள், தாங்கள் வாங்கிய தைலத்தின் புட்டியையும் கையோடு எடுத்துவந்தால், அதிலுள்ள சரக்கின் பெயரையும் அளவையும் படித்துச் சொல்ல நான் தயாராயிருக்கிறேன்.